முதலில் உணவு, பின்பு பாடம்

காலை ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்குகிறது. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையின் வயிற்றில் இருப்பது என்ன? ஒளிவுமறைவின்றி விடை கூறிப் பார்ப்போம். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவன்" என்பதே நம்மில் பலருடைய விடையாக இருக்கும்.

இதற்காகத் தாய்மாரைக் குறை கூறுதல் நீதியன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில், போரிலே துணையை இழந்து, குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் அநேகர். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாய் விடியுமுன்னரே பஸ்ஸுக்காகச் சந்தியில் நிற்கவேண்டும். கூலி வேலைக்குப் போகிறவள் வெயில் ஏறுமுன் வயலில் இறங்கவேண்டும். பிள்ளையோ நடந்தோ, சைக்கிள் மிதித்தோ நெடுந்தூரம் போகவேண்டும். இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளையும் மண்ணிலே, பிள்ளை வெறும் வயிற்றோடு பாடம் கேட்பது இவ்வாறுதான்.

1. வெறும் வயிறு செய்வது என்ன?

இரவு உணவுக்குப் பின் பத்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளை எதுவும் உண்பதில்லை. அவ்வேளையில், ஈரல் சேமித்து வைத்த சர்க்கரையே மூளைக்கு எரிபொருளாகிறது. பிள்ளையின் ஈரல் சிறியது. மூளையோ உடலின் அளவுக்குப் பெரியது. எனவே சேமிப்பு விரைவில் குறைகிறது. தேநீரில் கலந்த சீனி சிறிது நேரமே தாங்கும்.

ஜமேக்கா நாட்டில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 1989இல் வெளிவந்தது. நன்கு ஊட்டம் பெற்ற பிள்ளைகள் ஒரு காலை உணவைத் தவறவிட்டதால் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஊட்டம் குன்றிய பிள்ளைகளே சிந்தனைத் திறனில் பின்தங்கினர். அதே நாட்டின் கிராமங்களில் ஓராண்டு முழுவதும் காலை உணவு வழங்கிப் பார்த்தனர். வரவு கூடியது, சிறிய வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் முன்னேறினர். நாம் "மொக்கு" என்று பெயர் சூட்டிய பிள்ளை உண்மையில் பசித்த பிள்ளையாக இருக்கலாம் அல்லவா?

2. நம் நாட்டில் நடந்து வந்தது

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பாடசாலையில் கிடைத்த பிஸ்கற்றும் பணிசும் நினைவிருக்கும். 1989இல் மதிய உணவுத் திட்டம் வந்தது, அது நிலைக்கவில்லை. போருக்குப் பின் வடபகுதிப் பாடசாலைகளில் உலக உணவுத் திட்டம் வழங்கிய அரிசியும் பருப்பும் தகர மீனும் சமைக்கப்பட்டன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறவே, சமைத்துக் கொடுத்தவர்கள் தடுமாறினர். 2024 மார்ச்சில் அரசு, ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் உணவு வழங்கும் திட்டத்தைத் தொடக்கிவைத்தது. இது நன்றியோடு வரவேற்கத்தக்கது. ஆயினும் ஐந்தாம் தரத்தோடு பசி நின்றுவிடுவதில்லை.

3. அக்கரையிலிருந்து ஒரு பாடம்

தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல், பாடசாலைகளில் மதிய உணவு தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். ஆயின் மதிய உணவு வரும்வரை காலைப் பசி எஞ்சியே இருந்தது. அதற்காக 2022 செப்ரெம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டில் அரச ஆரம்பப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் பரவியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எனச் சூடான உணவு, சாம்பாருடன், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களின் கையால் சமைக்கப்படுகிறது. 2024 யூலை 15இல் அரச உதவி பெறும் கிராமப் பாடசாலைகளுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. அதைத் தொடக்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் பாடசாலை. நண்பகல் உணவு காலைப் பசிக்கு ஈடாகாது என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

4. வன்னியில் நாம் செய்யக்கூடியவை

நேரம்: உங்கள் பிள்ளையின் பாடசாலையில் உணவு எத்தனை மணிக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். பிந்திக் கிடைக்குமாயின், முதற் பாடத்துக்கு முன்னரோ அதை ஒட்டியோ வழங்க முடியுமா என்று பெற்றோர் கூட்டத்தில் அதிபரோடு பேசுங்கள்.

சமைக்கும் தாய்: அவர் பெரும்பாலும் நம் அயலவரே. கடைக்குக் கடன் சொல்லிப் பொருள் வாங்குகிறார். கொடுப்பனவு பிந்தினால் முதலில் முட்டை குறையும், பின்பு கறி குறையும். அவரைத் திட்டுவதற்கு முன் அவருடைய கணக்கைக் கேளுங்கள். உங்கள் வளவில் காய்க்கும் முருங்கையையும் கோழி இடும் முட்டையையும் நியாய விலைக்கு அவருக்கே கொடுங்கள்.

மூத்த பிள்ளைகள்: ஆறாம் தரத்துக்கு மேற்பட்டோருக்காகப் பங்கின் தாய்மார் சங்கமோ, வின்சென்ற் டி போல் சபையோ, வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு பானை இலைக்கஞ்சி காய்ச்சலாம். சிவப்புப் பச்சையரிசி, ஒரு பிடி பயறு, வல்லாரை அல்லது முருங்கையிலைச் சாறு, தேங்காய்ப்பால், உப்பு போதும். எந்தச் சமயத்துப் பிள்ளை என்று பாராது கொடுப்போம். "ஏழைப் பிள்ளைகள் எழும்பி வாருங்கள்" என்று மட்டும் ஒருபோதும் அழையாதிருப்போம்.

வீடு: இரவே பயறோ கௌபியோ ஊறவைத்தால் காலையில் அவிப்பது எளிது. பழஞ்சோறு தாழ்ந்த உணவன்று. தேநீரை உணவோடு சேர்த்துக் கொடாதீர்கள். இலைவகையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும். தேசிக்காய்ப் புளி அதைக் கூட்டும்.

கஞ்சியின் பெறுமதியை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் நீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு ஏதனத்தோடு வரிசையில் நின்ற சிறுவர், இன்று பிள்ளைகளைப் பெற்றவர்களாயிருக்கிறார்கள். மே மாதந்தோறும் அக்கஞ்சியைப் பகிர்ந்து இறந்தோரை நினைவுகூருகிறோம். மற்ற மாதங்களில் உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்காகவும் அந்த அடுப்பை மூட்டுவோம்.

இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாதிருந்த சீடருக்கு, உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தாமே நெருப்பு மூட்டிக் காலை உணவு ஆயத்தம் செய்திருந்தார் என அருளப்பர் எழுதுகிறார். இராயப்பரிடம் கேள்வி கேட்டதும், ஆட்டுக்குட்டிகளை ஒப்படைத்ததும் அவர்கள் உண்டு முடித்த பின்னரே. போதகருக்கெல்லாம் போதகர் காட்டிய ஒழுங்கு அது.

குடும்பத்தில் கலந்து பேசுவதற்கு

1. கடந்த வாரம் நம் பிள்ளைகள் எத்தனை நாள் உண்ணாமல் பாடசாலை போனார்கள்? ஏன்?

2. நம் தெருவில் உண்ணாமல் போகும் பிள்ளை யார்? அப்பிள்ளை வெட்கப்படாதபடி நாம் செய்யக்கூடியது என்ன?

3. நம் வளவிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பாடசாலை அடுப்புக்கு எதைக் கொடுக்கலாம்?