அடைப்பு தெரிந்தால் உடனே வெட்டிவிடலாமா?

வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்தால் அன்றைக்கே ஆள் இறக்கி அரித்துவிடுவோம். கருவிலுள்ள பிள்ளைக்குச் சிறுநீர் அடைப்பு என்றால் மட்டும் டாக்டர் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்? தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான்.

நம்பிக்கை: சிறுநீரகம் வீங்கினால் ஆபரேஷன்தான்.

நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் இந்த வீக்கம் ஸ்கேனில் தெரிகிறது. பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, பனிக்குட நீர் போதுமான அளவு இருந்தால் பிரசவம்வரை கண்காணிப்பே போதும்.

நம்பிக்கை: நீர் குறைந்தால் இளநீர் குடித்தால் ஏறிவிடும்.

நான்காம் மாதத்துக்குப் பின் பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீரே. சிறுநீர்ப்பையின் வாயே அடைபட்டிருந்தால் இளநீர் என்ன செய்யும்? அந்த நீர் வற்றினால் நுரையீரல் வளராது. உண்மையான அவசரம் இதுதான்.

நம்பிக்கை: வயிற்றிலேயே குழாய் வைத்தால் சிறுநீரகம் தப்பிவிடும்.

1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழு கருவிலேயே அறுவை செய்து பார்த்தது. சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு மெல்லிய குழாய் வைக்கும் முறையைச் சோதித்த ‘புளூட்டோ’ ஆய்வு 2013இல் லான்செட் இதழில் வந்தது. 31 பெண்கள்தான் சேர்ந்தார்கள், பாதியில் நின்றது. குழாய் வைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுவதுபோல் தெரிந்தது. ஆனால் இரண்டு வயதில் இயல்பான சிறுநீரகத்தோடு இருந்தவை இரண்டே குழந்தைகள். வாய்க்கால் அரித்தால் தண்ணீர் பழையபடி ஓடும். பின்னழுத்தத்தில் கோணலாக உருவான சிறுநீரகம் சீராகாது. அதனால்தான் குழாய்க்கு முன் கருவின் சிறுநீரைச் சோதித்து, காப்பாற்ற ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

நம்பிக்கை: டாக்டர் எதையோ மறைக்கிறார்.

ஆமாம், சட்டப்படி! சிறுநீர்ப்பையின் வாய் அடைபடுவதற்கு முக்கியக் காரணமான சிறுநீர்க்குழாய் வால்வுக் கோளாறு ஆண் குழந்தைகளுக்கே வரும். அதன் பெயரைச் சொன்னாலே பாலினம் வெளிப்பட்டுவிடும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

நம்பிக்கை: பிறந்ததும் மூத்திரம் போய்விட்டது, இனி ஸ்கேன் எதற்கு?

முதல் இரண்டு நாள் பிள்ளைக்குச் சிறுநீர் குறைவு. வீக்கம் கண்ணுக்குத் தப்பலாம். அதனால் வழக்கமாக 48 மணி நேரத்துக்குப் பிறகு ஸ்கேன் செய்வார்கள். இரு பக்கமும் வீங்கியிருந்தாலோ, ஆண் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அதையும் பையில் வையுங்கள். குழந்தை டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.