ஈரக் கொல்லையில் மண்வெட்டி வேண்டாம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில், காவிரிப் பாசனப் பகுதியின் களிமண் கொல்லைகள் சேறாகிவிடுகின்றன. மழை சற்று ஓய்ந்ததும் மண்வெட்டியுடன் இறங்குவது நம்மவர் வழக்கம். இது தவறாகும். நெல்வயலில் சேறு கலக்குவது, நீர் கீழிறங்காமல் நிற்பதற்காக. கொல்லையிலோ அதே செயல் மண்ணின் நுண்துளைகளை அடைத்து, வேருக்குக் காற்றில்லாமற் செய்துவிடும். பப்பாளியும் முருங்கையும் வேரழுகி மாளும்.

எனவே, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, உருண்டையாகப் பிடித்து, இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டையாகவே கிடந்தால் பொறுத்திருத்தல் நலம். அதுவரை பாத்திகளை மிதித்தலும், அங்கே மாடு கட்டுதலும் கூடா. தேங்கிய நீரை வெளியேற்றச் சிறு வடிகால் மட்டும் வெட்டலாம். கோடையில் மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்தால், களிமண்ணும் நாளடைவில் பொலபொலப்பாகும்.

ஒரு வீட்டு வடிகால் அடுத்த வீட்டுக் கொல்லையில் முடியுமாயின் பகையே விளையும். ஆதலின், செப்டம்பர் மாதத்திலேயே தெருவின் பொது வடிகாலைத் தூர்வாரி வைப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.