ஒன்றாம் வகுப்புக்கு முன் ஒரு வீட்டுச் சந்திப்பு: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்கள் வீடு வீடாகச் செல்வது பழகிய நடைமுறையாகும். துண்டறிக்கை வழங்குவதும், விலையில்லாப் பாடநூல், சீருடை முதலியவற்றை எடுத்துரைப்பதும், விண்ணப்பத்தை நிரப்பிப் பெறுவதும் அதில் அடங்கும். வீட்டுச் சந்திப்பு என்று இங்குக் குறிக்கப்படுவது அதனின்று வேறானது. சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்குவதற்கு முன், ஒன்றாம் வகுப்பை நடத்தவிருக்கும் ஆசிரியரே குழந்தையின் வீட்டுக்குச் சென்று, தம் முகத்தை அதற்குப் பழக்கப்படுத்தி, குழந்தையைப் பற்றி வீட்டார் அறிந்தவற்றைக் கேட்டறிந்து வருவதே வீட்டுச் சந்திப்பாகும். முன்னதில் ஆசிரியர் சொல்பவர். பின்னதில் அவர் கேட்பவர். இந்த வேறுபாடு மனத்தில் ஊன்றாவிட்டால், பின்வரும் படிகளை வழுவாமல் பின்பற்றினாலும் பயன் விளையாது.

கேட்பவராகச் செல்லும் இம்முறைக்குக் கல்வி ஆய்வுலகில் வலுவான ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் நகரில், மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களைக் கற்பவர்களாக அனுப்பிப் பார்த்த லூயிஸ் மோலும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், 1992இல் வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு குடும்பமும் தன் தொழிலாலும் வாழ்க்கையாலும் திரட்டி வைத்திருக்கும் அறிவையும் திறனையும் வகுப்பறையின் மூலதனமாகக் கொள்ளலாம் என்று காட்டினர். இதனைக் குடும்பத்தின் அறிவுச் சேமிப்பு எனலாம். ஆடு மேய்க்கும் வீட்டுக் குழந்தைக்கு எண்ணிக்கையும், பூக்கட்டும் வீட்டுக் குழந்தைக்கு முழமும் கண்ணியும் பள்ளிக்கு வருமுன்பே ஓரளவு பழகியிருக்கும் என்பதை, அந்த வீட்டுக்குச் சென்று பார்த்த ஆசிரியரே உறுதியாக அறிவார்.

முதற்படி, காலத்தைத் தேர்தல். அண்மை ஆண்டுகளில் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. ஏப்ரல் இறுதியில் பார்த்த முகத்தை ஐந்து வயதுக் குழந்தை கோடை விடுமுறைக்குள் மறந்துவிடக்கூடும் என்பதால், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே மிகப் பொருத்தமானது. அது ஆசிரியரின் விடுமுறைக் காலமாகவும் இருக்கக்கூடும் என்பதால், தலைமையாசிரியர் இதனைத் தனியொருவர் ஆர்வத்துக்கு விட்டுவிடாமல், நாளையும் தெருவையும் பகிர்ந்து திட்டமிட்டுத் தருதல் வேண்டும்.

அடுத்து, அங்கன்வாடிப் பணியாளரைச் சந்தித்தல். மூன்று வயது முதல் அக்குழந்தையை நாள்தோறும் பார்த்தவர் அவர். எந்தக் குழந்தை யாருடன் ஒட்டும், எது மதியத்தில் உறங்கிவிடும், எந்த வீட்டில் பாட்டியே பொறுப்பாளர் என்பனவற்றை அவரிடமே அறியலாம். அவரையே உடன் அழைத்துச் செல்வது, வீட்டாரின் தயக்கத்தைப் பாதியாகக் குறைக்கும். இருவருக்கு மேல் செல்லலாகாது. பதாகையுடன் ஐவர் வாசலில் நின்றால் அது மீண்டும் சேர்க்கைப் பிரசாரமாகிவிடும்.

வரும் நாளையும் நேரத்தையும் முன்னரே தெரிவித்து, வீட்டார் வசதியைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். நூறு நாள் வேலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ செல்லும் தாயைக் காலை பதினொரு மணிக்குத் தேடிச் சென்றுவிட்டு, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று எழுதுவது அநீதியாகும். வீட்டுக்கு வர வேண்டாம் என்று விரும்புவோரைக் கோவில் மர நிழலிலோ அங்கன்வாடியிலோ சந்திக்கலாம்; அவ்விருப்பத்துக்குக் காரணம் கேட்பது தேவையற்றது.

எல்லா வீடுகளுக்கும் செல்லுதல் என்பது இம்முறையில் மிகக் கடினமானதும் விட்டுக்கொடுக்கக் கூடாததுமான படியாகும். ஊர்த் தெருவில் வீட்டுக்குள் அமர்ந்து பேசிவிட்டு, காலனிக் குழந்தைகளின் பெற்றோரை மட்டும் பள்ளிக்கு வரச் சொல்லும் ஆசிரியர், பள்ளி திறக்குமுன்பே யார் யாருக்கு எந்த இடம் என்று அறிவித்துவிடுகிறார்; அதனைப் பெற்றோர் மட்டுமன்றிக் குழந்தையும் புரிந்துகொள்ளும். வீட்டார் எங்கு அமர்கிறார்களோ அங்கேயே அமர்ந்து, தரும் தண்ணீரையோ தேநீரையோ எல்லா வீடுகளிலும் ஒன்றுபோல் ஏற்றுக்கொள்வது, சமத்துவத்தைப் பற்றிப் பின்னர் நடத்தப்படும் எந்தப் பாடத்தையும்விட ஆழமாகப் பதியும்.

வீட்டில் முதற்பேச்சு குழந்தையுடனாக இருத்தல் நலம். தரையில் அமர்ந்து, அதன் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, தம் பெயரைச் சொல்லி, வெள்ளைத்தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்துவிட்டு, அது தானாக நெருங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். 'அ, ஆ சொல்லு பார்ப்போம்' என்று கேட்பதை அறவே தவிர்க்க வேண்டும். சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டுவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. சேர்க்கை முடிந்த பின் கேட்பது சட்டத்துக்கு முரணாகாது எனினும், விடை தெரியாமல் தலைகுனியும் குழந்தைக்கு ஆசிரியரின் முதல் நினைவே தேர்வாகிவிடும்.

பெற்றோரிடம் படிவம் எடுத்துக் கேட்காமல், 'உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள்' என்று தொடங்குவதே போதுமானது. பேச்சின் போக்கில் சிலவற்றை அறிந்துகொள்ளுதல் அவசியம்: வீட்டில் கூப்பிடும் பெயர் எது, சிறுநீர் கழிக்க வேண்டுமென்பதை என்ன சொல்லால் சொல்லும், எதற்கு அஞ்சும், அழுதால் எப்படி அடங்கும், வலிப்போ ஒவ்வாமையோ உண்டா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, அழைத்து வருபவர் யார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிப் பின்னர் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தால், குழந்தை காலையில் எதை உண்ணும், எதை ஒதுக்கும் என்பதும் ஆசிரியருக்குத் தேவையான செய்தியாகிவிட்டது. குழந்தை இடக்கையால் எழுதுவதைப் பெற்றோர் கண்டித்து வந்தால், அது குறையன்று என்று ஆசிரியர் அங்கேயே சொல்லிவிடலாம். இச்சந்திப்பில் அவர் அறிவுரை கூறத்தக்க மிகச் சில இடங்களுள் இதுவும் ஒன்று.

கிருஷ்ணகிரிப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும், திருப்பூரில் புலம்பெயர் தொழிலாளர் வீடுகளில் இந்தியும் ஒடியாவும் வீட்டுமொழியாக, அதாவது குழந்தை முதலில் பேசப் பழகிய மொழியாக, இருப்பதுண்டு. அத்தகைய வீடுகளில் தண்ணீர், பசி, வலி, கழிவறை, அம்மா வருவார் என்பனவற்றுக்கான சொற்களைத் தாயிடமே கேட்டுத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளுதல், முதல் வாரத்தின் பெரும்பாலான அழுகையைத் தணிக்கும்.

ஆதார் நகல், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று ஆகியவற்றை அன்று கேட்கலாகாது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கென வீட்டின் முன் படமெடுப்பதும் கூடாது. வறுமை காட்சிப் பொருளாவதை எந்தத் தாயும் விரும்புவதில்லை. அரைமணி நேரத்துக்குள் விடைபெற்று, தெரு முனையைக் கடந்த பின்னரே குறிப்பெழுதுதல் வேண்டும். குறிப்பில் பார்த்ததும் கேட்டதும் இடம்பெறலாம். 'பொறுப்பற்ற தந்தை' போன்ற தீர்ப்புகள் இடம்பெறலாகாது. அதனை ஆசிரியர் அறையில் பிறர் வாசிக்கும்படி வைக்காமல் பூட்டி வைப்பதும் கடமையாகும். கேட்டல், பார்வை, நடை, பேச்சு ஆகியவற்றில் ஐயம் தோன்றினால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பள்ளி திறந்ததும் அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

முதல் நாளில் குழந்தையை வீட்டுப் பெயரால் வரவேற்று, அது வீட்டுச் சந்திப்பின்போது வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டி வைத்தால், அறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. செங்கல் சூளைகளுக்குச் சென்ற குடும்பங்கள் பள்ளி திறந்த பின்னரே ஊர் திரும்புவதுண்டு. அக்குழந்தைகளின் பெயர்களைத் தனியே குறித்து வைத்து, அவர்கள் வந்த வாரத்திலேயே பள்ளி முடிந்த மாலையில் அவ்வீடுகளுக்கும் இதே முறையில் சென்று வருதல் வேண்டும்.