காணாததை எண்ணுவது எப்படி?

2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் காலையில், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானில் சூரியனை மிஞ்சும் ஒளிப்பிழம்பு ஒன்று பாய்ந்து வெடித்தது. ஒளியைக் கண்ட பலர் வியப்புடன் சன்னலருகே சென்றனர். சற்று நேரத்தில் வந்த அதிர்வலை கண்ணாடிகளைச் சிதறடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். வெடித்தது ஏறக்குறைய 20 மீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள். அது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால், எந்தத் தொலைநோக்கியும் அதை முன்கூட்டியே காணவில்லை.

அப்படியானால், இன்னும் எத்தனை சிறுகோள்கள் நம் கண்ணில் படாமல் பூமியின் அருகே உலவுகின்றன? காணாததை எப்படி எண்ணுவது?

ஒரு குளத்தை நினைத்துப் பாருங்கள். அதில் 100 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு மீண்டும் விடுகிறோம். சில நாள் கழித்து 100 மீன்களைப் பிடிக்கிறோம். அவற்றுள் 20 மீன்களில் அடையாளம் இருந்தால், குளத்தில் சுமார் 500 மீன்கள் இருக்கும் எனக் கணிக்கலாம். சிறுகோள்களுக்கும் இம்முறை பொருந்தும். ஏற்கெனவே பதிவானவையே திரும்பத் திரும்பத் தென்பட்டால், எஞ்சியிருப்பவை சிலவே என அறியலாம்.

ஆனால், எல்லா மீன்களும் வலையில் ஒன்றுபோல் சிக்குவதில்லை. அதுபோல், பெரிய சிறுகோள்கள் எளிதில் தெரியும். சிறியவையும் கரியவையும் தப்பிவிடும். எனவே, விஞ்ஞானிகள் கணினியில் கற்பனைச் சிறுகோள்களையும் வால்நட்சத்திரங்களையும் உருவாக்கிச் சூரியனைச் சுற்றவிடுகின்றனர். அவற்றுள் எத்தனை தொலைநோக்கியில் தென்படும் எனக் கணக்கிட்டு, உண்மையில் கண்டறிந்தவற்றோடு ஒப்பிடுகின்றனர். இரண்டும் பொருந்தும்வரை அந்த மாதிரியைத் திருத்துகின்றனர்.

இத்தகைய ஆய்வுகளின்படி, பூமிக்கு அருகே வரும் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களுள் 95 விழுக்காட்டுக்கும் மேலானவை கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டருக்கு மேற்பட்டவை ஏறத்தாழ 25,000 இருக்கலாம். அவற்றுள் பாதிகூட இன்னும் காணப்படவில்லை. செல்யாபின்ஸ்கில் வெடித்ததைப் போன்றவையோ இலட்சக்கணக்கில் உள்ளன.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், டைமார்ஃபஸ் எனும் சிறுகோளின்மீது மோதி அதன் பாதையை மாற்றியது. ஆபத்தைத் திசைதிருப்ப முடியும் என்பதை இது காட்டுகிறது. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தச் சிறுகோளை நாம் கண்டுபிடித்திருக்க வேண்டும். எத்தனை எஞ்சியுள்ளன, எந்த அளவில் உள்ளன என்று தெரிந்தால்தான் எங்கே, எவ்வளவு காலம் தேடுவது எனத் திட்டமிட முடியும். நாம் அறியாதது எவ்வளவு என்பதை அறிவதும் அறிவே.