எத்தனை பகடை என்று கேட்காதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் முதல் தடவை விசார்டாக உட்காரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஸ்பெல் ரொம்ப அடிக்கும்?" பல வருடமாக டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நாற்காலியில் இருந்து இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன். கணக்கெல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. 2024 புத்தகத்தில் சில எண்கள் மாறியிருக்கின்றன, உங்கள் டிஎம் எதை விரித்து வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சராசரி. டி6-க்கு 3.5, டி8-க்கு 4.5, டி10-க்கு 5.5. ஃபயர்பாலின் 8டி6 என்றால் 28. 48 விழுந்த கதையைப் பக்கத்து மேசைக்காரர் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், நம்பித் திட்டம் போடாதீர்கள்.

2. அடுத்து, அந்த 28 எதிரியின் மேல் எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். ஐந்தாம் லெவல் விசார்ட், இன்டலிஜென்ஸ் 18, சேவ் டிசி 15. எதிரே ஓர் ஓகர். அதன் டெக்ஸ் சேவுக்கு 1 குறைவு, ஆக டி20-இல் 16 விழுந்தால்தான் தப்பும். தப்பினாலும் பாதி அடி உண்டு. கூட்டிக் கழித்தால் ஃபயர்பால் ஓர் ஓகருக்கு 24.5. அதே மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் ஸ்கார்ச்சிங் ரே போட்டால் நான்கு கதிர், ஒவ்வொன்றும் 2டி6. ஓகரின் ஏசி 11 என்பதால் பெரும்பாலும் படும். கிரிட்டிக்கலையும் சேர்த்தால் 25 சொச்சம். ஒற்றை ஓகர் என்றால் இரண்டும் ஒன்றுதான். மூன்று ஓகர் நெருங்கி நின்றால் ஃபயர்பால் 73-ஐத் தாண்டிவிடும், ரே அதே 25-இல் நிற்கும். எத்தனை பேர் எப்படி நிற்கிறார்கள் என்று தெரியாமல் எது பெரியது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

3. எந்த சேவ் என்பதை எதிரியின் உடம்பைப் பார்த்தே ஊகிக்கலாம். தடித்து அசமந்தமாக நகர்வது ஓகரோ ஸோம்பியோ, டெக்ஸ் சேவில் விழும், கான் சேவில் தாங்கும். அதன் மேல் பிளைட் போடுவது வீண். ஒல்லியாகத் தாவித் திரிபவனிடம் இதைத் திருப்பிப் போடுங்கள். அவனுக்கு இவேஷன் இருந்தால் டெக்ஸ் சேவில் தப்பும்போது பாதி அடிகூடக் கிடையாது, சுத்தமாகப் பூஜ்யம்.

4. ஃபயர்பாலை அளவுகோலாக வைக்காதீர்கள். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் புது ஸ்பெல் உருவாக்குவதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பலரை ஒருசேரத் தாக்கும் மூன்றாம் லெவல் ஸ்பெல்லுக்கு அது சொல்வது 6டி6. ஃபயர்பாலும் லைட்னிங் போல்ட்டும் 8டி6 வாங்கிக்கொண்டு நிற்கின்றன. பழைய செல்லப்பிள்ளைகள், அவ்வளவுதான். 1974-இல் இந்த ஆட்டம் வருவதற்கு முன்பே, 1971-இன் செயின்மெயில் என்ற பொம்மைப்படைப் போர் விளையாட்டில், மந்திரவாதியின் தீப்பந்து பெரிய கல்லெறி இயந்திரத்துக்குச் சமமான இடத்தைத் தாக்கும் என்று விதி இருந்தது. படைக்கூட்டத்தின் மேல் எறியப் பிறந்த சாமான் அது. உங்கள் டன்ஜனோ பத்தடி அகல நடை. தீப்பந்தின் விட்டம் 40 அடி, கட்டத்தில் எட்டுக் கட்டம், மூலை திரும்பியும் பரவும். உள்ளே உங்கள் பார்பேரியனும் நிற்பார். எவோகேஷன் விசார்டாக இருந்தால் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் காப்பாற்றும். இல்லையென்றால் எறிவதற்கு முன் வாயைத் திறந்து சொல்லிவிட்டு எறியுங்கள்.

5. தேவைக்கு மேல் அடிப்பது கணக்கில் வராது. காப்ளினுக்கு இருப்பது 7 ஹிட் பாயின்ட். 28 இறங்கினால் 21 மண்ணுக்குத்தான். முதல் லெவல் பர்னிங் ஹேண்ட்ஸ், 3டி6, சேவில் தோற்ற காப்ளினைப் பத்துக்கு ஒன்பது தடவை அதுவே முடித்துவிடும். நான்கு காப்ளினுக்கு ஃபயர்பால் போடுவது இலை நான்கு விழுந்த பந்திக்கு அண்டா வைப்பது மாதிரி.

6. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஓகருக்கு 59 ஹிட் பாயின்ட். உங்கள் ஃபயர்பால் பட்டும் 34 மிச்சம். அதன் தடி ஓர் அடிக்குச் சராசரி 13 இறக்கும். மிச்சம் 34 இருந்தாலும் 1 இருந்தாலும் அதே 13தான். இந்த ஆட்டத்தில் அரைச்சாவு என்று ஒன்று கிடையாது. மூன்று ஓகரையும் நீங்கள் பொசுக்கினீர்கள், மேசையே கைதட்டியது, அடுத்த சுற்றில் மூன்று தடியும் விழுகின்றன. அதே ஸ்லாட்டில் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் போட்டிருந்தால்? ஓகரின் விஸ்டம் சேவுக்கு 2 குறைவு, அதே டிசி 15-இல் 17 விழுந்தால்தான் தப்பும். ஐந்தில் நான்கு வாய்ப்பு, அது திகைத்து நின்றுவிடும். மூன்றில் இரண்டுக்கு மேல் முறை இழக்கும். ஒரு புள்ளிகூட அடிக்காமல் எதிரியின் இரண்டு தடிகளைப் பிடுங்கிவிட்டீர்கள். அடிக்கிற ஸ்பெல்லை எடுக்காதே என்று சொல்லவில்லை. ஃபைட்டர் ஏற்கெனவே அடித்து வைத்திருப்பதன் மேல் அடியுங்கள். ஒன்று விழட்டும், பிறகு அடுத்தது. திகைத்து நிற்பதை மட்டும் தொடாதீர்கள், அடிபட்டால் விழித்துக்கொள்ளும்.

7. மேஜிக் மிசைலைச் சின்னப்பிள்ளை ஸ்பெல் என்று ஒதுக்குகிறார்கள். மூன்று அம்பு, ஒவ்வொன்றும் 1டி4+1, டி20 உருட்டவே வேண்டாம். ஷீல்ட் ஸ்பெல் அதற்கு முழுத் தடை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளாடிக்கொண்டிருக்கும் எதிரியை முடிக்க இதுதான் கருவி.

8. கிளெரிக் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஸ்பிரிட் கார்டியன்ஸ் 3டி8, சராசரி 13.5. ஃபயர்பாலில் பாதிகூட இல்லையே என்பார்கள். அது பத்து நிமிடம் வரை நிற்கும். தன் முறையை அந்த வட்டத்துக்குள் தொடங்கும் எதிரிக்கு ஒவ்வொரு தடவையும் அடி. விஸ்டம் சேவில் ஜெயித்தாலும் பாதி உண்டு. மூன்று சுற்று போனால் யார் கணக்கு பெரிது என்று நீங்களே கூட்டுங்கள். அதற்கு கான்சென்ட்ரேஷன் வேண்டும், அடிபட்டால் கான் சேவ் போட்டுக் காப்பாற்ற வேண்டும். இன்னொரு கான்சென்ட்ரேஷன் ஸ்பெல்லைத் தொட்டால் பழையது போய்விடும். புதியவர்கள் மறக்கும் விதி இதுதான்.

9. நெருப்பு ஒன்றையே கட்டிக்கொண்டு அழாதீர்கள். சிவப்பு டிராகன் முன் ஃபயர்பால் வெறும் வெளிச்சம். டெவில்களும் அப்படியே. ஆனால் டிரோலுக்கு நெருப்போ ஆசிடோ இல்லாமல் முடியாது, சுற்றுக்கு 10 ஹிட் பாயின்ட் வளர்ந்துகொண்டே இருக்கும். ஃபயர்பாலை ஐந்தாம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் 35, கோன் ஆஃப் கோல்ட் 36. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே, குளிர் என்ற வித்தியாசத்துக்காகவே இரண்டாவதை எடுக்கலாம்.

10. ஐந்தாம் லெவலில் மூன்றாம் லெவல் ஸ்லாட் உங்களிடம் இரண்டுதான். ஃபயர் போல்ட்டோ செலவில்லாமல் 2டி10. சில்லறைச் சண்டைக்கு அது போதும்.

11. விட்ச் போல்ட். படம் பிரமாதமாக இருக்கும். 2014 புத்தகத்தில் அது 1டி12. பிறகு ஒவ்வொரு சுற்றும் உங்கள் ஆக்‌ஷனைத் தின்று இன்னொரு 1டி12. எதிரி 30 அடிக்கு அப்பால் நகர்ந்தால் அதுவும் போச்சு. வேண்டாம் என்றால் கேட்க மாட்டீர்கள், தெரியும். விசார்டாக இருந்தால் மறுநாள் தயாரிக்கும் பட்டியலிலிருந்து விட்டுவிடலாம், சார்சரர் அடுத்த லெவல் ஏறும்போது மாற்றிக்கொள்ளலாம்.