அரை நிமிட வீடியோவுக்கு ஆறு கேள்விகள்

2025 செப்டம்பர் 23 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பேசிய அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப், காலநிலை மாற்றம் என்பது உலகத்தின் மீது நடத்தப்பட்ட மிகப்பெரிய மோசடி என்றார். இப்படிப்பட்ட பேச்சின் அரை நிமிடத் துண்டு கடல் தாண்டி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிடுகிறது. அனுப்புகிறவர் படித்தவராக இருப்பார். நமக்கு வேண்டியவராகவும் இருப்பார். பேசாமல் விட்டால் மனம் உறுத்துகிறது, பதில் சொன்னால் மனஸ்தாபம் வருகிறது. வகுப்பிலும் வீட்டிலும் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். காலநிலை அறிவியலை மறுக்கும் அரசியல்வாதிகள் முழுப் பொய்யைச் சொல்வது குறைவு. உண்மையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டுவார்கள், மீதியை மறைத்துவிடுவார்கள். காட்டிய துண்டைப் பற்றி எவ்வளவு வாதாடினாலும் பலன் இல்லை. மறைத்த மீதியைக் கேட்க வேண்டும். அதற்கு ஆறு கேள்விகள் போதும்.

1. எந்த இடம், எத்தனை நாள்?

2015 பிப்ரவரி 26. வாஷிங்டனில் கடும் குளிர். ஓக்லஹோமா மாநில செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், செனட் சபையில் எழுந்து நின்று ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பனிப்பந்து ஒன்றை எடுத்தார். வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பிடித்துக்கொள்ளுங்கள் என்று அதைச் சபையிலேயே வீசினார். செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்கு அப்போது அவர்தான் தலைவர்.

பனிப்பந்து நிஜம், குளிரும் நிஜம். ஆனால் உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது, 1880-க்குப் பிந்தைய பதிவுகளில் இரண்டாவது வெப்பமான பிப்ரவரி அதுதான் என்றது அமெரிக்க அரசின் நோவா அமைப்பு. நாட்டின் மறுகோடியில் அதே பருவம் வேறு மாதிரி முடிந்தது. ஏப்ரல் 1 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், சியரா நெவாடா மலையில் உள்ள ஃபிலிப்ஸ் நிலையத்துக்குப் போனார். வழக்கமாக அந்தத் தேதியில் ஐந்தடிக்கு மேல் பனி கிடக்கும் இடம். 1941-இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக அங்கே ஏப்ரல் முதல் தேதியில் பொட்டுப் பனி இல்லை. காய்ந்த புல்லின் மேல் நின்றபடியே, நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டிருப்பதாக அறிவித்தார். மாநிலம் முழுவதும் மலைப்பனி வழக்கத்தில் 5 சதவீதம்தான் இருந்தது.

ஒரு நாள் கல்லாவை எண்ணிப் பார்த்து, கடை லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா என்று எந்த வியாபாரியும் முடிவு செய்ய மாட்டார். ஒரு ஊரின் ஒரு வாரக் குளிரோ வெயிலோ காட்டப்பட்டால், உலகச் சராசரி என்ன, முப்பது ஆண்டுப் போக்கு என்ன என்று கேளுங்கள்.

2. கணக்கு எந்த ஆண்டில் தொடங்குகிறது?

பதினேழு ஆண்டுகளாக வெப்பம் ஏறவே இல்லை, செயற்கைக்கோள் தரவு அப்படித்தான் சொல்கிறது என்று 2015-இல் செனட்டர் டெட் க்ரூஸ் பேசினார். இந்தக் கணக்கின் சூட்சுமம் தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. 1997-98 மிக வலுவான எல் நினோ காலம்; பசிபிக் கடல் தன் வெப்பத்தைக் காற்றில் கொட்டிய காலம். அந்த உச்சியில் நின்று கோடு போட்டால், அடுத்து வருவதெல்லாம் சமதளமாகத்தான் தெரியும். செயற்கைக்கோள் தரவிலும் ஒரு சிக்கல் இருந்தது. சுற்றுப்பாதை மெல்ல விலகுவதால் ஏற்பட்ட பிழையை 2017-இல் திருத்தியதும், க்ரூஸ் காட்டிய அதே தரவில் வெப்ப ஏற்றம் கூடியது.

புவிப்பரப்பின் வெப்பப் பதிவில் 2014, 2015, 2016 என மூன்று ஆண்டுகளும் அடுத்தடுத்து முந்தைய உச்சத்தை உடைத்தன. 2024 வரையிலான பதிவில் மிக வெப்பமான பத்து ஆண்டுகள், 2015 முதல் அந்த ஆண்டு வரையிலான பத்தும்தான். 2024-இல் உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது.

இங்கே ஒரு எளிய சோதனை செய்யலாம். வரைபடத்தின் தொடக்க ஆண்டை இரண்டு ஆண்டு முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். முடிவு தலைகீழாகிறது என்றால், அந்த ஆண்டைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். நாசாவின் 1880 முதலான வெப்பப் பதிவை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பள்ளி மாணவரே கணினியில் போட்டுப் பார்த்துவிட முடியும்.

3. வேறு காரணம் என்றால், அதன் தடயம் எங்கே?

வெப்பம் ஏறுவதை ஒப்புக்கொண்டு, அதற்குச் சூரியன் காரணம், எரிமலை காரணம் என்பவர்கள் உண்டு. ஒவ்வொரு காரணமும் தனக்கென ஒரு தடயத்தை விட்டுச்செல்லும். சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் அடி முதல் உச்சி வரை சூடாக வேண்டும். நடப்பதோ வேறு: தரையை ஒட்டிய காற்று சூடாகிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று 1967-லேயே கணக்கிட்டவர் சியுகுரோ மனாபே. 2021-இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் அளவையும் நேரடியாக அளக்கின்றன. அது பதினோரு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, வெப்பத்தோடு சேர்ந்து ஏறவில்லை.

எரிமலைகள் ஓராண்டில் கக்கும் கரியமில வாயு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கூடியிருக்கும் வாயு எங்கிருந்து வந்தது என்பதும் அதன் கார்பனிலேயே பதிவாகியிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பழங்காலத்து உயிர்களின் எச்சம். அவற்றில் கார்பன்-13 குறைவு, கார்பன்-14 அறவே இல்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவிலும் இவ்விரண்டின் விகிதம் அதற்கேற்பக் குறைந்துவந்திருக்கிறது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

முன்பும் காலநிலை மாறியிருக்கிறதே என்றால், ஆமாம், மாறியிருக்கிறது. கடைசிப் பனியுகத்திலிருந்து பூமி 5 முதல் 7 டிகிரி வரை சூடேறப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இன்று ஒரு டிகிரிக்கு மேல் ஏற ஒன்றரை நூற்றாண்டே போதுமாயிற்று. பயிரும் கடற்கரை ஊர்களும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கின்றன.

4. தனியறையில் என்ன பேசினார்கள்?

1977-இல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருளால் பூமி சூடாகும் என்று தன் நிறுவனத் தலைமைக்கே எடுத்துச் சொன்னார். 1982-இல் அந்த நிறுவனத்தின் உள்சுற்று ஆவணம் ஒன்று, 2019 வாக்கில் கரியமில வாயு 415 பங்கை எட்டும், வெப்பம் சுமார் 0.9 டிகிரி கூடியிருக்கும் என்று வரைபடம் போட்டது. ஏறக்குறைய அப்படியே நடந்தது. அதே நிறுவனம்தான் 2000-ஆம் ஆண்டில், இந்த அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. நிறுவனத்தின் பழைய கணிப்புகளில் 63 முதல் 83 சதவீதம் வரை சரியாக இருந்தன என்று 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

அரசியலிலும் இதே கதைதான். 2002-இல் அமெரிக்காவின் குடியரசுக் கட்சியினருக்காகப் பிரசார ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ் எழுதிய குறிப்பு பின்னர் வெளியே கசிந்தது. அறிவியல் முடிவாகிவிட்டது என்று மக்கள் நம்பத் தொடங்கினால் அவர்கள் கருத்து மாறிவிடும், ஆகவே நிச்சயமில்லை என்பதையே முன்னால் வைத்துப் பேசுங்கள் என்பது அதன் சாரம். 2019-இல் அதே லன்ட்ஸ் செனட்டர்கள் குழு ஒன்றின் முன் வந்து, தான் அன்று சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒரு கூற்றைக் கேட்டவுடன் அதனால் லாபம் யாருக்கு என்று பார்ப்பதோடு, அதே ஆட்கள் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்றும் தேடிப் பாருங்கள்.

5. எத்தனை பேர் என்பது சரி, எந்தத் துறையினர்?

விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதற்குச் சான்றாக, 31,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட ஓரிகன் மனுவைக் காட்டுவார்கள். அறிவியலில் இளநிலைப் பட்டம் இருந்தாலே அதில் கையெழுத்துப் போடலாம். காலநிலையியல் தங்கள் துறை என்று குறித்தவர்கள் 39 பேர்.

நேர்மையான சந்தேகம் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பழைய வெப்பப் பதிவுகளை நம்பவில்லை. மறுத்துப் பேசுவதோடு நிற்காமல் தானே ஒரு குழுவைக் கூட்டினார். காலநிலை மறுப்புக்குப் பணம் கொடுத்துவந்த கோக் குடும்ப அறக்கட்டளையும் அதற்கு நிதி தந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டுவிட்டு 2012-இல் அவர் எழுதினார்: வெப்பம் ஏறுவது உண்மை, அதற்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்கள்தான் என்று. சந்தேகப்படுகிறவர் கணக்குப் பார்ப்பார், கணக்கு சொன்னதை ஏற்றுக்கொள்வார். எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். எதுவுமில்லை என்று பதில் வந்தால், அதற்கு மேல் அறிவியல் பேசிப் பயனில்லை.

6. மறுப்பது அறிவியலையா, செலவையா?

கார்பன் வரி வேண்டாம் என்பதும், வேலை போய்விடும் என்று அஞ்சுவதும் அரசியல் கருத்துகள். அவற்றைப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த விவாதத்தில் வெல்வதற்காக வெப்பமானியையே பொய் என்பதுதான் குற்றம். அமெரிக்காவிலும் இது பிறவியிலேயே கட்சிச் சண்டையாக இருந்ததில்லை. 1992-இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் மூத்த புஷ். 2003-இல் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அதே கட்சியின் ஜான் மெக்கெய்ன்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் சதி என்ற பேச்சு நம் பக்கம் அடிக்கடி கேட்கிறது. அதில் உள்ள அநீதி உண்மையானது: இதுவரை வெளியேறிய கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. யார் எவ்வளவு குறைக்க வேண்டும், யார் செலவை ஏற்க வேண்டும் என்று இந்தியா உரக்கக் கேட்பது நியாயம். அறிவியல் உண்மையாக இருப்பதால்தான் அந்த நியாயத்துக்கே வலு இருக்கிறது. மோசடி என்று சொல்லிவிட்டால் நஷ்டஈடு கேட்க வாய் இருக்காது.

நமக்கும் அதே அளவுகோல்

இந்தக் கேள்விகளை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லா வெள்ளத்துக்கும் எல்லாப் புயலுக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையைப் பன்னாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அந்த ஒரு மழையில் புவி வெப்பமடைதலின் கை தெளிவாகத் தெரியவில்லை என்றே சொன்னார்கள். காற்றில் கலந்த மாசுத் துகள்கள் அதன் விளைவை ஈடுகட்டியிருக்கலாம் என்றார்கள். இதைச் சொல்வதால் அறிவியலின் மதிப்பு குறையாது. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்கிறவரின் பேச்சைத்தான், தெரியும் என்று அவர் சொல்லும்போது ஊர் நம்பும்.

வீட்டில் பேசும்போது

தென் கரோலினாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பாப் இங்லிஸ், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அல் கோர் ஆதரிக்கிறார் என்பதாலேயே பல ஆண்டுகள் காலநிலை மாற்றத்தை ஒதுக்கித் தள்ளியவர். 2004-இல் முதல் ஓட்டுப் போடவிருந்த அவருடைய மூத்த மகன், என் ஓட்டு உங்களுக்குத்தான், ஆனால் சுற்றுச்சூழல் விஷயத்தில் நீங்கள் மாற வேண்டும் என்றான். பிறகு அவர் அண்டார்டிகா போய்ப் பனிப்பாளத்தின் மாதிரிகளைக் கண்ணால் பார்த்தார். கார்பன் வரி மசோதாவைக் கொண்டுவந்தார். 2010-இல் சொந்தக் கட்சி வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். இன்றும் தன் கட்சிக்காரர்களிடம் இதையே பேசிவருகிறார். எதிர்க்கட்சிக்காரர் சொல்லி மாறாதவர், பிள்ளை சொல்லி மாறினார்.

ஆகவே குழுவில் எல்லோர் முன்னாலும் மடக்காதீர்கள்; தனியாகப் பேசுங்கள். அறிக்கை மேல் அறிக்கையாக அனுப்பாதீர்கள். "சித்தப்பா, இந்தக் கணக்கு எந்த வருஷத்துல இருந்து ஆரம்பிக்குதுன்னு சொல்லலையே, பார்த்தீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். பதிலுக்கு அவசரப்படுத்த வேண்டாம். அவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்: விவசாயி என்றால் விதைப்புக் காலம், மீனவர் என்றால் கடல் நீரின் சூடு. அவரை ஏமாளி என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஏமாற்றுவதற்கென்றே பணம் கொடுத்துத் தயாரித்த பேச்சு அது.

இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். லன்ட்ஸின் குறிப்பை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நம்மை நம்பவைக்க வேண்டிய அவசியமே இல்லை, சந்தேகத்தில் நிறுத்திவைத்தால் போதும். சந்தேகம் நீடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சட்டம் தள்ளிப்போகிறது; அந்த ஆண்டில் வெளியேறும் கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்குக் காற்றில் தங்கிவிடுகிறது. நம் மௌனமும் அந்தத் தாமதத்தோடு சேர்ந்துகொள்கிறது. அடுத்த வீடியோ வரும்போது கோபப்படாமல், பயப்படாமல், ஆறில் ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடமும் அதையே கேளுங்கள்.