ஸ்டார்ட் ஆகாத காரும் ஓம் விதியும்



டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம்மிடம் சொந்தக்காரர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி மார்க்கைப் பற்றியதாக இருக்காது. "தம்பி, நீ ஆட்டோமொபைல்தானே? வண்டி ஸ்டார்ட் ஆகல, கொஞ்சம் வந்து பாரேன்" என்பதாகத்தான் இருக்கும். அப்போது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கக் கூடாதே என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

"ஸ்டார்ட் ஆகல" என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வியாதிகள் இருக்கின்றன. ஒன்று, செல்ஃப் சுற்றவே இல்லை. மற்றொன்று, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. செல்ஃப் சுற்றாத வண்டியில் பிளக்கைக் கழற்றுவது, வயிற்று வலிக்காரனுக்குப் பல் பிடுங்குவது மாதிரி.

முதல் வியாதியைப் பார்ப்போம். சாவியைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, இக்னீஷன் சுவிட்ச், சொலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயர் என்று தேட வேண்டும். "டக்" என்று ஒரே ஒரு சத்தமா? சொலினாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டார் திரும்பவில்லை. உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். "டக டக டக" என்று விடாமல் அடிக்கிறதா? வோல்டேஜ் போதவில்லை. சொலினாய்டு இழுத்ததும் மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் விழுகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தத் தாளம்.

இங்கேதான் பலரும் "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி நேரம் அது சரியாகக்கூட இருக்கும். மீதி நேரம் ஓனர் பணம் தண்டம்.

நமக்கு லேபில் சொல்லித் தந்த ஓம் விதியை இந்த இடத்தில் எடுத்துப் போடுங்கள். டெர்மினலில் உப்பு பூத்து 0.02 ஓம் தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் பல்பு சுமார் 5 ஆம்பியர் எடுக்கும். 5 பெருக்கல் 0.02, வெறும் 0.1 வோல்ட் இழப்பு. லைட் பளிச்சென்று எரியும். சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் 120 ஆம்பியர் கேட்டால்? 2.4 வோல்ட் அந்த ஜாயின்ட்டிலேயே காலி! "லைட் எரியுதே, அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கல?" என்பதற்கு விடை இதுதான். மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து அளந்தாலும் சாதாரண மீட்டர் 0.02-ஐக் காட்டாது. கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் டிராப் அளந்தால் மட்டுமே பிடிபடும்.

இன்பிளான்ட் டிரெய்னிங்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாடகைக்கு ஓட்டும் ஒரு டிரைவர் அண்ணன் தன் பழைய வேனைத் தள்ளிக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலை முகூர்த்த டிரிப், அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஏற்கெனவே கைமாத்து வாங்கிப் புது பேட்டரி போட்டிருக்கிறார். "அடுத்து செல்ஃப் மோட்டாரையும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க தம்பி, இனிமே யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்றார். இரண்டு வாரமாக வண்டியைச் சரிவு பார்த்துத்தான் நிறுத்துகிறாராம்.

பேட்டரி 12.6 வோல்ட், முழு சார்ஜ். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார் சீனியர் மெக்கானிக். லைட் மங்கவே இல்லை, செல்ஃப் முனகியது. லைட் செத்துப்போனால் பேட்டரி வீக். மங்காமல் நின்றால் செல்ஃபுக்குக் கரண்டே சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். "கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பாருடா" என்றார். வெதுவெதுப்பாக இருந்தது! கேபிள் ஏன் சுட வேண்டும்? என்ஜினுக்கு எர்த் வழி அடைபட்டதால், கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டிலும் (கிளாம்ப்பில் அல்ல, போஸ்ட்டிலேயே) இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். சாவியைத் திருப்பியபோது 2.8 வோல்ட். 0.2-க்குள் இருக்க வேண்டிய இடம் அது. கியர்பாக்ஸ் பக்கம் எர்த் பட்டை துருவேறி, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பட்டை போட்டு, உட்காரும் இடத்தை எமரி ஷீட்டால் தேய்த்து இறுக்கினோம். அரை மணி நேர வேலை. செல்ஃப் மோட்டாரைத் தொடவே இல்லை.

இதே மாதிரி பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரைக்கும் அளக்கலாம். அங்கே 0.5 தாண்டினால் ஒயர், டெர்மினலைப் பாருங்கள். அளக்கும்போது கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், ஃபியூயல் பம்ப் ஃபியூஸ் கழற்றல், மூன்றும் கட்டாயம்.

இரண்டாவது வியாதி. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். அவற்றின் பழைய மாடல்களில் பாயின்ட்டைத் தேய்த்து, கார்பரேட்டர் ஜெட்டை ஊதினாலே பாதி கேஸ் முடிந்துவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்து இரண்டு விநாடி காத்திருங்கள். பின்பக்கம் டேங்கில் பம்ப் "உய்ங்" என்கிறதா? இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப். சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா? இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை, ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை, அல்லது ஓவர் ஃப்ளோ. ஓவர் ஃப்ளோ என்றால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பெட்ரோலும் ஸ்பார்க்கும் இரண்டுமே இல்லையென்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம்.

பிளக் ஒயரைக் கழற்றி அந்தரத்தில் பிடித்து ஸ்பார்க் பார்க்கும் வீரம் பாயின்ட் வண்டியோடு போகட்டும். எலக்ட்ரானிக் இக்னீஷனில் அப்படிச் செய்தால் காயிலோ இக்னைட்டரோ போகும். ஒரு ஸ்பேர் பிளக்கை மாட்டி, அதன் உடம்பை என்ஜினில் எர்த் செய்து, பெட்ரோல் ஆவி இல்லாத இடமாகத் தள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டே விநாடி போதும்.

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல்